கோட்டுக்கு வெளியே ரெண்டடி

ஃபுட்பால் கோச் ஆவதற்கான டி லைசன்ஸ் வகுப்பின் நாலாவது நாள், செஷன் நடத்திக் காட்ட என் முறை வந்தது. 20 மீட்டருக்கு 15 மீட்டர் கட்டம், மூலைக்கு ஒரு கோன், உள்ளே நாலுக்கு ரெண்டு. நாலு பேர் தங்களுக்குள் பாஸ் செய்துகொண்டே இருக்க வேண்டும், ரெண்டு பேர் பறிக்க வேண்டும். பதினைந்து வருஷமாக வாரத்துக்கு மூன்று நாளாவது நானே ஆடிய பயிற்சி. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் நடத்துவேன் என்ற தெம்பில் விசிலை ஊதினேன். எட்டு நிமிடம் ஆனதும் பயிற்றுநர் கையை உயர்த்தினார். அவர் நிறுத்தியது என்னை.

“கோச், நீங்க எங்க நிக்கிறீங்க?”

கேள்வி புரியவில்லை. குனிந்து காலைப் பார்த்தேன். கட்டத்துக்கு நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

“எட்டு நிமிஷத்துல பதினோரு தடவ பாலைத் தொட்டிருக்கீங்க. அதோ, மஞ்சள் பனியன் போட்டவர் ஏழு தடவதான் தொட்டார். இது யாருக்கான செஷன்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். (அந்த வகுப்பில் எல்லாரும் எல்லாரையும் ‘கோச்’ என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயது பி.டி. மாஸ்டரும் கோச், கல்லூரிப் பையனும் கோச்.) அவர் என் தோளைப் பிடித்து, ரெண்டு கோனுக்கு நடுவிலிருந்த கோட்டுக்கு வெளியே, ரெண்டடி தள்ளி நிற்க வைத்தார். “இங்கேருந்து பாருங்க. ஆறு பேரும் தெரியுறாங்களா? நடுவுல நின்னா மூணு பேர் உங்க முதுகுக்குப் பின்னாடி இருப்பாங்க.”

அந்த ரெண்டடி தள்ளி நிற்பது பழக்கமாக எனக்கு ஐந்தாறு வருஷம் பிடித்தது. கோச்சாக மாறலாமா என்று யோசிக்கிற ஆட்டக்காரத் தம்பிகள் அவ்வப்போது வந்து கேட்பார்கள். டீக்கடையில் துண்டு துண்டாக அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் சேர்த்து எழுதிப் பார்க்கிறேன்.

நான் வட சென்னைக்காரன். வியாசர்பாடியை ‘மினி பிரேசில்’ என்று எழுதுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மழை பெய்தால் கிரவுண்டில் மூன்று நாள் தண்ணீர் நிற்பதைப் பற்றி, பிரேசிலைத் தேடி வருகிறவர்கள் எழுத மாட்டார்கள். ஆனாலும் அந்த மண்ணிலிருந்துதான் தனபால் கணேஷ் போய் இந்திய அணிக்கு ஆடினார், ‘சென்னையின் எஃப்சி’ கிளப்போடு 2017-18 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பட்டம் வென்றார். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் அடித்த ஒரே கோலில், நாலரை வருஷம் கழித்து ஈஸ்ட் பெங்கால் கொல்கத்தா டெர்பியை, அதாவது அந்த ரெண்டு ஊர்க்காரப் பரம எதிரிகளின் மோதலை, ஜெயித்தது. அன்றைக்கு எங்கள் பழைய டீம் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தரும் தூங்கவில்லை.

நான் லெஃப்ட் பேக், இடது ஓரத்துத் தடுப்பாட்டக்காரன். அந்த இடத்தில் ஆடுகிறவனுக்கு உலகம் பாதிதான். இடது கைப்பக்கம் எப்போதும் கோடு. அந்தப் பக்கம் திரும்பவே தேவையில்லை. கோடு எனக்கு இன்னொரு தடுப்பாட்டக்காரன் மாதிரி. ஓரமாக ஏறி வருகிற எதிரணி விங்கரை அதன் பக்கம் ஒதுக்கிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். எதிர்ப்பக்க விங்கில் என்ன நடக்கிறது என்று பதினைந்து வருஷத்தில் நான் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. கோச் ஆன பிறகுதான் உறைத்தது, ஃபுட்பால் தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் லெஃப்ட் பேக் தெரியும் என்பதுதான்.

சென்னை லீகில் அலுவலக அணிகள்தான் பெரிய ஆட்கள். ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ் என்று எந்தப் பேரைச் சொன்னாலும் வீட்டில் அம்மா காதில் ‘கவர்மென்ட் உத்தியோகம்’ என்றுதான் விழும். இந்தியன் வங்கி அணி தேசிய லீக் வரைக்கும் போய் ஆடியது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு போஸ்டிங் கிடைத்தால் காலையில் பிராக்டிஸ், அப்புறம் ஆபீஸ், சாயங்காலம் மேட்ச், அறுபது வயது வரை சம்பளம். ஒரு அலுவலக அணிக்கு மூன்று சீசன் கெஸ்ட் பிளேயராக ஆடினேன். ‘அடுத்த வருஷம் வேகன்சி வருது’ என்று மூன்று வருஷமும் சொன்னார்கள். வேகன்சி வந்தது. வேறு ஒரு பையன் சேர்ந்தான். அவன் என்னைவிட நல்ல ஆட்டக்காரன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் வெளிமாநிலத்தில் ஐ-லீக் இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்று. முதன்முதலாகக் கான்ட்ராக்ட் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன், படிக்கவில்லை. ஐந்து மாசத்தில் கடைசி ரெண்டு மாசச் சம்பளம் வரவில்லை. சண்டை போடலாம் என்று காகிதத்தைத் தேடி எடுத்தால், என்னிடம் இருந்தது முதல் பக்கத்தின் ஜெராக்ஸ் மட்டும். இன்றைக்கு டிரையல்ஸில் தேறி ஒரு பையன் வந்து காலில் விழுந்தால், வாழ்த்துவதற்கு முன்னால் கேட்பது இதைத்தான்: ரெண்டு பேர் கையெழுத்தும் உள்ள முழுப் பிரதி கையில் இருக்கிறதா? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, படுத்திருக்கும் மாசங்களுக்குச் சம்பளம் உண்டா, கான்ட்ராக்ட் எந்தத் தேதியோடு முடிகிறது, இந்த மூன்று வரியையும் விரல் வைத்துக் காட்டச் சொல்வேன். சம்பளப் பாக்கிக்குப் புகார் கொடுக்க அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தில் பிளேயர்ஸ் ஸ்டேட்டஸ் கமிட்டி இருக்கிறது. முதல் பக்கத்தின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன சொல்வது?

கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் கேரளாவில் மலப்புரம் பக்கம் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடுகிற ஃபுட்பால், ஆடப் போனேன். அறுவடை முடிந்த வயலில் மரம் நட்டுக் கேலரி கட்டி, ராத்திரி லைட் வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான பேர் முன்னால் ஆடுவது ஒரு போதை. எதிரில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஸ்டிரைக்கர், என்னைவிட ஒரு தலை உயரம். ஆட்டம் முடிந்த உடனே கையில் பணம். சம்மேளனம் அங்கீகரிக்காத போட்டி என்பதால் அடிபட்டால் நம் பாடு. என் மேல் யாரும் மோதவில்லை. பந்துக்காகத் திரும்பினேன், ஷூவின் ஸ்டட்ஸ் தரையில் மாட்டிக்கொண்டது, முட்டி மட்டும் திரும்பியது. காலி வாட்டர் பாட்டிலை நசுக்கினால் வருமே, அந்தச் சத்தம். முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து நிறுத்துகிற ஏசிஎல் என்ற நார் அறுந்துவிட்டது. கமிட்டிக்காரர்கள் முட்டியில் ஐஸ் கட்டி, பேசிய பணத்தைக் கையில் கொடுத்து, மங்களூர் மெயிலில் ஏற்றிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொன்ன தொகையை ரூபாய் குறையாமல் கொடுத்தவர்கள் என் ஆட்ட வாழ்க்கையில் அவர்கள்தான்.

தொடையின் பின்பக்கத் தசைநாரிலிருந்து ஒரு துண்டு எடுத்து முட்டிக்குள் வைத்துத் தைத்தார்கள். டாக்டர் ஒன்பது மாசம் என்றார். ஆறாவது மாசமே வலியில்லாமல் ஓடினேன். வலியில்லை, அதனால் சரியாகிவிட்டது என்கிற நினைப்பு எத்தனை முட்டிகளைத் தின்றிருக்கிறதோ! புதிதாக வைத்த நார் உறுதிப்பட மாசக்கணக்காகும். அதுவரை அது வலிக்காமலே பலவீனமாக இருக்கும். ரெண்டு தொடையின் பலமும் கிட்டத்தட்ட சமமாகிவிட்டது என்று பிசியோ அளந்து பார்த்துச் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். நான் ஏழாவது மாசம் ஒரு லீக் மேட்சில் இறங்கினேன். மறுபடி அதே முட்டி. 28 வயதில் ஆட்டம் முடிந்தது.

சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, “புறநகர்ல ஒரு ஸ்கூல்ல ஃபுட்பாலுக்கு ஆள் கேக்குறாங்க, போடா” என்றார். “எனக்குச் சொல்லித்தர எல்லாம் வராது மாஸ்டர்” என்றேன். “எனக்கும்தான் வராது. உனக்கு நான் சொல்லித்தரலியா?” என்று சிரித்தார்.

போனேன். பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணி. முதல் மேட்ச் 0-7. தொண்டை கட்டிப்போய், மூன்று நாள் வீட்டில் சைகையில் பேசினேன். ‘ஏறு’, ‘இறங்கு’, ‘விடாதே’, ‘ஏன் விட்டே’ என்று 60 நிமிடமும் கத்தியிருக்கிறேன். ஒரு பையனின் அப்பா அந்த மேட்ச் முழுவதையும் போனில் எடுத்து அனுப்பியிருந்தார். ராத்திரி போட்டுப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. முதல் பாதியில் எங்கள் ரைட் விங்கர் தொட்டதெல்லாம் சொதப்பல், லெஃப்ட் விங்கர் ஓரளவு நன்றாக ஆடினான். ரெண்டாம் பாதியில் அப்படியே தலைகீழ். ரைட் விங்கர் சுதாரித்துக்கொண்டான், லெஃப்ட் விங்கர் கால் பின்ன ஆரம்பித்தான். ஏதோ களைப்பு என்று நினைத்தேன். திரும்பப் போட்டுப் பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், நான் நிற்கிற இடம் மாறாது. முதல் பாதியில் என் பக்கத்தில் ஓடியவன் ரைட் விங்கர், ரெண்டாம் பாதியில் லெஃப்ட் விங்கர். சொதப்பியவன் யாரென்றால், அந்தந்த நேரத்தில் என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தவன்.

அந்த வீடியோவை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாகக் கோச் ஆகிறவர்களுக்கு நான் கொடுக்கிற முதல் வேலையும் இதுதான். உங்கள் முதல் மூன்று மேட்சையாவது யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள், கேமரா உங்கள் குரல் கேட்கிற தூரத்தில் இருக்கட்டும். பையன்களைப் பார்க்காதீர்கள், உங்களைக் கேளுங்கள். பந்து காலுக்கு வருகிற அந்த அரை நொடியில் நீங்கள் எத்தனை முறை வாயைத் திறந்தீர்கள் என்று எண்ணுங்கள். நான் எண்ணினேன். முதல் பத்து நிமிடத்தில் 64.

அதற்கப்புறம்தான் டி லைசன்ஸுக்குப் போனேன். இந்தியாவில் ஏணி டி, சி, பி, ஏ என்று ஏறி ப்ரோவில் முடியும். என் டி வகுப்பு ஆறு நாள், சி ரெண்டு வாரம். ஒன்றை முடித்ததும் அடுத்ததற்கு ஓட முடியாது, நடுவில் உண்மையாகவே பயிற்சி கொடுத்த அனுபவம் காட்ட வேண்டும். நான் செய்த பெரிய முட்டாள்தனம், ஆட்டத்தை நிறுத்திய பிறகு போனது. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆஃப் சீசனில் டி முடித்துவிடலாம். அப்போது உடம்பு ஒத்துழைக்கும், வகுப்பில் டெமோ காட்ட நொண்ட வேண்டாம், முக்கியமாக அந்த வருஷத்து மேட்ச்களையே வேறு கண்ணால் பார்க்க ஆரம்பிப்பீர்கள்.

எங்கள் பக்கத்துப் பசங்களுக்கு இந்த வகுப்பில் பயம் இங்கிலீஷ்தான். வகுப்பும் தாளும் பெரும்பாலும் அதில்தான் நடக்கும். கிரவுண்டில் புலியாக இருக்கிறவன் செஷன் பிளான் எழுதச் சொன்னால் பேனாவைக் கடிக்கிறான். நானும் கடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பி.டி. மாஸ்டர் சொன்ன வழி உதவியது: முதலில் தமிழில் போனில் பேசிப் பதிவு செய், அப்புறம் நாலே கேள்விக்குப் பதிலாக மாற்று. எவ்வளவு இடம், எத்தனை பேர், என்ன பிரச்சினையைச் சரிசெய்யப் போகிறேன், அது சரியானால் எனக்கு எப்படித் தெரியும். அந்தத் துறையில் திரும்பத் திரும்ப வருவது நாற்பது ஐம்பது வார்த்தைகள்தான். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் ரெண்டு நாளில் பயம் போய்விடும். பயிற்றுநர்கள் இலக்கணம் பார்ப்பதில்லை. உன் கண்ணுக்குப் பிழை தெரிகிறதா, தெரிந்த பிழையை ஆட்டத்தை நிறுத்திக் காட்டத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

நல்லா ஆடினவன் தானாகவே நல்ல கோச் என்று ஒரு பேச்சு உண்டு, ஆடாதவனுக்கு என்ன தெரியும் என்று அதன் மறுபாதி. நம் ஊர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக கோல் அடித்தவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் இன்று வரைக்கும் அதுதான். 1973இல் கேரளா முதன்முறையாக, மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராஃபியை வென்றபோது கோச்சாக நின்றவரும் அவரே. சரி, அப்படியானால் ஆசிய விளையாட்டில் 1951, 1962 ரெண்டு தங்கத்தையும் வாங்கித் தந்த சையத் அப்துல் ரஹீம்? ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். காலித் ஜமீலை எடுத்துக்கொண்டால், ஆடிய அதே மும்பை எஃப்சியில் கோச்சாகி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்தார். 2016-17இல் மிசோரம் கிளப்பான ஐஸ்வாலுக்கு ஐ-லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் பலருக்கு அவர் பேர் தெரிந்தது. 2025இல் இந்திய அணியின் கோச் ஆனார். இந்த மூவரிடமும் நான் பார்க்கிற பொதுவான ஒன்று பொறுமை. லெஃப்ட் பேக்குக்கு அது கொஞ்சம் கம்மி.

எங்கள் அகாடமியில் ஒரு பையன் இருக்கிறான். காசிமேட்டிலிருந்து வருவான், அப்பா மீன் வியாபாரம். எல்லாரும் ‘சங்கரா’ என்று கூப்பிடுவார்கள். மீன் பேரா, ஆள் பேரா என்று நான் இதுவரை கேட்கவில்லை. வந்தபோது வயது பத்து. இடது கால், அருமையான டச். ஆனால் பந்து வரும்போது பந்தை மட்டும்தான் பார்ப்பான். முதுகுக்குப் பின்னால் ஆள் வந்து நிற்பது தெரியாது. வாங்குவான், திரும்புவான், நேராக ஆள் மேல் போய் முட்டுவான். ‘பின்னாடி பாருடா’ என்று ஒரு மாசம் சொன்னேன். பந்து வந்த பிறகு பார்ப்பான். ‘முன்னாடியே பாருடா’ என்றேன். குழம்பிப்போய் முன்னால் பார்த்தான். தப்பு அவனுடையது இல்லை, நான் சொன்னது அப்படி. எனக்கு அந்த வித்தை எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே இல்லை. கழுத்து தானாகத் திரும்பும், அவ்வளவுதான். உடம்புக்குத் தெரிந்ததை வாய்க்குத் தெரியாது.

ஒரு நாள் இடத்தை மாற்றிப் பார்த்தேன். வழக்கமாக அவன் கண்ணெதிரே நிற்கிறவன், அன்றைக்கு அவனுக்குப் பின்னால் எட்டு மீட்டர் தள்ளிப் போய் நின்றேன். எதிரிலிருந்து இன்னொரு பையன் பாஸ் போடுவான். பந்து கிளம்பும் நேரத்தில் நான் கையைத் தூக்கி ஏதோ சில விரல்களைக் காட்டுவேன். பந்து அவன் காலைத் தொடுவதற்குள் எத்தனை விரல் என்று சங்கரா கத்திச் சொல்ல வேண்டும். முதல் நாள் இருபது பாஸில் மூன்று முறைதான் சரியாகச் சொன்னான். அதில் ஒன்று குத்துமதிப்பு, அவனே ஒத்துக்கொண்டான். ரெண்டாவது வாரம் பந்து அவன் பக்கம் வரும் வழியில் ரெண்டு முறை திரும்பினான். மூன்றாவது வாரத்தில் விரலுக்குப் பதிலாக ஒரு பையனை நிறுத்தினேன். வலது பக்கம் நின்றால் இடது பக்கம் திரும்ப வேண்டும், இடது பக்கம் நின்றால் வலது, ஆளே இல்லையென்றால் நேராக. அந்த ஒரு மாசத்தில் நான் ‘பின்னாடி பாரு’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் பந்து வருமுன் எத்தனை முறை தலையைத் திருப்புகிறார்கள் என்று நார்வேக்காரர் கெய்ர் யோர்டெட் வருஷக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். விரல் காட்டுகிற யோசனை டி வகுப்பில் யாரோ ஒரு கோச் செய்துகாட்டியது. அன்றைக்குக் குழந்தை விளையாட்டு என்று நினைத்துக் குறிப்பெடுக்காமல் விட்டிருந்தேன்.

சின்னப் பையன்களிடம் செய்யக்கூடிய இன்னும் ரெண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பந்தின் அளவைக் கவனியுங்கள். பத்து வயதுப் பையனிடம் ஐந்தாம் நம்பர் பந்தைக் கொடுத்தால் அவன் கற்றுக்கொள்வது உந்தித் தள்ளத்தான். அந்த வயதுக்கு நாலாம் நம்பர், இன்னும் சின்னவர்களுக்கு மூன்று. பதினொருவர் ஆட்டத்தைத் தள்ளிப் போடுங்கள். நாலுக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து ஆடினால் ஒவ்வொருவன் காலுக்கும் பந்து பல மடங்கு வரும். பதினான்கு வயதைத் தாண்டியவர்களுக்கு ‘ஃபிஃபா 11 பிளஸ்’ வார்ம்-அப் இருக்கிறது. 20 நிமிடம் ஆகும், ஒரு கருவியும் வேண்டாம், ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒற்றைக் காலில் நின்று முட்டி உள்பக்கம் மடியாமல் குந்துகிற பயிற்சி வரும்போது பையன்கள் சிரிப்பார்கள். நான் பேன்ட்டைச் சுருட்டி முட்டித் தழும்பைக் காட்டுவேன். சிரிப்பு நின்றுவிடும்.

வயசு விவகாரம் ஒன்று இருக்கிறது. ஒரு அப்பா தன் மகனின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தார். பையனுக்கு மீசை அரும்பிவிட்டது, காகிதத்தில் பன்னிரண்டு. “ரெண்டு வருஷம்தான் சார், எல்லாரும் பண்றாங்க” என்றார். நான் உடனே பெரிய மனுஷன் மாதிரிப் பேசியிருக்கலாம், வாய் வரவில்லை. என்னையும் பள்ளிச் சேர்க்கையில் ஒன்றரை வயது குறைத்துத்தான் போட்டார்கள். ஜூனியர் லெவலில் நான் எல்லாரையும்விட வேகம். சீனியருக்கு வந்ததும் அந்த வேகம் காணாமல் போனது. அது என் திறமை இல்லை, என் ஒன்றரை வயது. வேகத்தை நம்பி இருந்ததால், வயதொத்தவர்களோடு மோதிக் கற்க வேண்டியதைக் கற்கவே இல்லை. அந்த அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். இப்போது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிற டிடபிள்யூ3 பரிசோதனை வேறு இருக்கிறது, மாட்டினால் பையனுக்குத் தடை வரும் என்றும் சொன்னேன். அவர் வேறு அகாடமிக்குப் போய்விட்டார். மாசம் ஒரு ஃபீஸ் போனது.

காசைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் முழுசாகாது. பள்ளிகளில் பெரும்பாலும் வருஷத்துக்குப் பத்து மாசச் சம்பளம்தான், ஏப்ரல், மே நம் பொறுப்பு. சம்மர் கேம்ப் அதற்காகத்தான். செயற்கைப் புல் டர்ஃப் எடுத்தால் காலை ஆறு முதல் எட்டு வரை எடுங்கள். மே மாசம் மூன்று மணிக்கு அந்த ரப்பர் தரையில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும். வாட்ஸ்அப் குழுவில் ‘என் மகன் ஏன் ஸ்டிரைக்கர் இல்லை’ என்று கேட்டால் குழுவில் பதில் போடாதீர்கள், மறுநாள் நேரில் பேசுங்கள். ஆடிய காலத்து லீக் பதிவுகள், சான்றிதழ்கள், பேப்பரில் வந்த ஸ்கோர் கார்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். நான் 2015 டிசம்பர் வெள்ளத்தில் என்னுடையதைத் தொலைத்தேன். நான் ஆடினேன் என்பதற்கு இன்றைக்கு என் முட்டியைத் தவிர சாட்சி குறைவு.

போன மாசம் பெரம்பூர் பக்கத்துக் கிரவுண்டு ஒன்றில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் மேட்ச். 1-1. முடிய ஆறு நிமிடம். சங்கராவை நான் லெஃப்ட் பேக்கில் போட்டிருந்தேன் (ஆசை யாரை விட்டது). நான் நின்ற பக்கத்திலேயே, பத்தடி தூரத்தில், தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கினான். பின்னால் எதிரணிப் பையன் வேகமாக நெருங்குகிறான். அந்த இடத்தில் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கீப்பருக்குத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் கோட்டுக்கு வெளியே அடி. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கடித்துக்கொண்டேன். பந்து வருவதற்கு முன்னால் அவன் தலை ரெண்டு முறை திரும்பியதைப் பார்த்தேன். உள்பக்கம் திரும்பி ஆளைக் கடந்தான். நான் பாட்டிலை இறக்குவதற்குள் ரெண்டாவது ஆள் வந்து பந்தைப் பறித்தான். ஷாட். பந்து பாருக்கு மேலே போனது.

சங்கரா அங்கேயே நின்று என்னைப் பார்த்தான். திட்டு வரும் என்று காத்திருக்கிற பார்வை. எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினேன்.

“மூணு!” என்று கத்திவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினான்.

கடைசி நிமிடத்தில் ஒரு கார்னரில் கோல் வாங்கி 1-2இல் தோற்றோம், அது வேறு கதை. கை குலுக்க வந்த எதிரணி கோச், “அந்த மூணு என்ன சிக்னல் கோச், செட் பீஸா?” என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார்.